செம்மண்ணைச் செம்மண்ணாகக் காட்டுகிற ஒரு பொக்கற் ரோச்

ரோச் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சடித்த லுமென் எண்ணைத்தான், அதாவது ரோச் விடுகிற மொத்த வெளிச்சத்தின் அளவை. யாழ்ப்பாணத்துக் கடைகளில் கண்ணாடி அலுமாரிக்குள் கிடக்கிற ரோச்சுகளில் 10,000, 50,000 என்றெல்லாம் போட்டிருக்கும், விலையைக் கேட்டால் இரண்டு கொத்துரொட்டிக் காசு. அந்த எண்ணுக்கும் உள்ளே இருக்கிற எல்ஈடிக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. ஒற்றை எல்ஈடி, 18650 என்கிற உருளை லித்தியம் பற்றரி ஒன்று, காற்சட்டைப் பொக்கற்றுக்குள் போகிற அளவு உடம்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் சில நூறிலிருந்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு லுமென் வரைதான் வரும். அதிலும் ஆயிரத்துக்கு மேலே போனதைச் சில நிமிடத்துக்கு மேல் கையில் பிடித்திருக்க ஏலாது.

எனக்குத் தேவைப்பட்டது வேறு, அதற்காகப் பழைய ரோச் ஒன்றைப் பிரித்து எல்ஈடி மாற்றின கதைதான் இது. எங்கள் வீடு வலிகாமத்துச் செம்மண் பக்கம். இரவில் ரோச் அடிக்கிற இடங்கள் என்றால் படலைக்கு வருகிற ஒழுங்கை, கிணற்றடி, வேலியோரம், விடியப்புறம் பெரியப்பா தோட்டத்துக்கு இறைக்கப் போகிற வரம்பு, அவ்வளவுதான். எதுவும் 30 மீற்றருக்கு மேலே இல்லை. ஆனால் காலடியில் கிடப்பது காய்ந்த பனையோலைத் துண்டா புடையனா என்று ஒரு பார்வையிலேயே தெரிய வேண்டும். கண்ணாடிப் புடையன் இரவில்தான் இரை தேடி ஊரும். சுருட்டை விரியன் அதைவிடச் சின்னது, மண்ணோடு மண்ணாகச் சுருண்டு கிடக்கும். இரண்டுமே மண்ணிறம். கடையில் விற்கிற நீலவெள்ளை வெளிச்சத்தை அடித்தால் எங்கள் செம்மண்ணே சாம்பல் நிறமாகத்தான் தெரியும், அதன் மேல் கிடக்கிற மண்ணிறப் பாம்பை எங்கே பிரித்துப் பார்ப்பது?

இதற்குக் காரணம் எல்ஈடி வெள்ளை வெளிச்சம் தருகிற விதம். உள்ளே இருக்கிற சிப் நீல ஒளியைத்தான் விடுகிறது, அதன் மேல் பூசின மஞ்சள் பொஸ்பர் அதில் ஒரு பங்கை விழுங்கி மஞ்சளும் பச்சையும் சிவப்புமாக மாற்றுகிறது, எல்லாம் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்குக் கெல்வின் கணக்கு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். 6500 கெல்வின் என்று போடப்படுகிற மலிந்த எல்ஈடிகளில் நீலம் கூட, அடர்சிவப்பு மிகக் குறைவு. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று 100 வரைக்குமான ஒரு அளவு இருக்கிறது. வழக்கமான நீலவெள்ளை எல்ஈடிகள் 70 சுற்றளவில் நிற்கும், நல்லவை 90ஐத் தாண்டும். அதற்குள்ளேயும் ஆர்9 என்று அடர்சிவப்புக்குத் தனிக் கணக்கு, மலிந்தவற்றில் அது பூச்சியத்துக்கும் கீழே போகும். செம்மண், இரத்தம், துரு, பாம்பின் முதுகு, மாம்பழத்தின் பழுப்பு எல்லாம் இந்தச் சிவப்பில்தான் தங்கியிருக்கின்றன.

ஆகவே முதலில் நிறம், பிறகு கையில் பிடிக்கக்கூடிய சூடு, மூன்றாவதாகத்தான் லுமென் என்று முடிவெடுத்துக்கொண்டு தேடினேன். எமிசார் டி4 மாதிரி நான்கு எல்ஈடி வைத்த குட்டி ரோச்சுகளைப் பார்த்தால் ஆசை வராமல் இருக்காது, விரல் நீளத்துக்குள் பல ஆயிரம் லுமென் விடும், ஆனால் முழுச் சக்தியில் போட்டால் நிமிடக் கணக்குக்கு முதலே உடம்பு கொதித்துத் தானாகவே குறைந்துவிடும். அது நண்பர்களுக்குக் காட்டி மகிழ்கிற சாமான், வரம்பில் நடக்கிறவருக்கு உதவாது. யூஎஸ்பி-சியில் நேரே ஏற்றக்கூடிய வேர்க்கொஸ் எஃப்சி11 நல்ல தெரிவு, திருத்த நேரமில்லாதவர்கள் அதில் நிச்சியா கம்பனி எல்ஈடி போட்ட வகையை வாங்கிக்கொண்டு இந்தப் பதிவை இத்தோடு மூடலாம். தலையை இழுத்துச் சுருக்குகிற ஸூம் ரோச்சுகளை நான் கிட்டவும் எடுப்பதில்லை. இழுத்தால் எல்ஈடியின் சதுரமே சுவரில் விழும், லென்ஸுக்கு வெளியே போகிற வெளிச்சம் உள்ளேயே வீணாகும், அந்த இழுவை இடுக்கால் தண்ணியும் புழுதியும் உள்ளே போகும்.

தூரம் எறிவதைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மச்சான்மார் எல்லாரும் கேட்பது "எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்றுதான். பெட்டியில் மீற்றர் போடுகிறவர்கள் பின்பற்றுகிற ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்கிற அளவு முறைப்படி, ஓரிடத்தில் விழுகிற வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகக் குறைகிற இடம்தான் கடைசித் தூரம். அது கண்டெலாவின், அதாவது ஒரு திசையில் குவிகிற ஒளியின் வலுவின், வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் வரும். 5000 கண்டெலா என்றால் 141 மீற்றர், அதை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு, 20,000 கண்டெலா வேண்டும். 0.25 லக்ஸ் என்பது கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம்தான். அதிலே ஆள் நிற்பது தெரியலாம், ஆர் என்று தெரியாது. ஒழுங்கைக்கு இந்தப் போட்டி தேவையில்லை.

கடைசியில் கையில் எடுத்தது லாச்சிக்குள் கிடந்த பழைய கொன்வோய் எஸ்2 பிளஸ். 12 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளம், 24 மில்லிமீற்றர் விட்டம், அலுமினிய உடம்பு, வாலில் பொத்தான். ரோச் திருத்துகிற ஆட்கள் இதைத் தேடி வாங்குவதற்குக் காரணம், எல்லாமே திருகில் கழன்று வரும், பசை போட்டு ஒட்டியிருக்காது, உதிரிகளும் தனித்தனியே கிடைக்கும். என்னுடையதில் 6500 கெல்வின் எக்ஸ்எம்-எல்2 எல்ஈடியும், எல்ஈடிக்குப் போகிற மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எட்டு ஏஎம்சி7135 சிப் வைத்த டிரைவர் என்கிற தகடும் இருந்தன. ஒரு சிப் 350 மில்லிஅம்பியர் விடும், எட்டுக்கு 2.8 அம்பியர்.

மாற்றாக எடுத்த எல்ஈடி நிச்சியா 519ஏ, 4500 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல். அதே அளவில் எஸ்எஸ்ரி-20 என்று லூமினஸ் கம்பனியின் ஒன்றும் கிடைக்கும், விலை குறைவு, கொஞ்சம் கூடத் தூரம் அடிக்கும், ஆனால் 4000 கெல்வின் வகையில் குறைந்த ஒளியில் ஒரு பச்சைச் சாயல் எட்டிப் பார்க்கும். எனக்கு அது பிடிக்காது. 519ஏயின் மேலிருக்கிற சிலிக்கன் குமிழைப் பிடுங்கி எடுத்து, வெளிச்சத்தை இன்னும் குவிக்கிற பைத்தியங்களும் உண்டு. அப்படிச் செய்தால் நிறம் பல நூறு கெல்வின் மஞ்சள் பக்கம் இறங்கும், அதனால் அவர்கள் 5700 வாங்கிப் பிடுங்குவார்கள். நான் குமிழைத் தொடவில்லை.

கவனிக்க வேண்டியது, எக்ஸ்எம்-எல்2 ஐந்து மில்லிமீற்றர்ச் சதுரம், 519ஏ மூன்றரை. பழைய தகட்டில் புதியது உட்காராது. அதனால் 3535 என்கிற மூன்றரை மில்லிமீற்றர்ச் சதுர அளவுக்கான 16 மில்லிமீற்றர் செப்புத் தகடு ஒன்றும், எல்ஈடியை வெளிச்சத்தைக் குவிக்கிற ரிஃப்ளெக்ரரின் நடுவே நிறுத்துகிற வெள்ளைப் பிளாஸ்ரிக் வளையம் ஒன்றும் சேர்த்து எடுக்க வேண்டும். தகடு வாங்கும்போது நடுப்பட்டை நேரே செப்போடு தொடுகிற வகையா என்று பார்த்து வாங்குங்கள். மலிந்த அலுமினியத் தகடுகளில் நடுவே ஒரு காப்புப் படை இருக்கும், அது சூட்டை மறித்துவிடும்.

எல்ஈடியைத் தகட்டில் ஒட்ட ஹொட் பிளேற் என்னிடம் இல்லை. பழைய அயன் பெட்டி ஒன்றைத் தலைகீழாக இரண்டு செங்கல்லுக்கு நடுவே இறுக்கி, சூட்டை முழுதாகத் திருப்பி வைத்தேன். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த, பற்றவைக்கிற ஈயம் 183 பாகையில் உருகும், நல்ல சூடு வாங்கின அயன் பெட்டி அதைத் தாண்டும். சிலர் தோசைக்கல்லில் செய்கிறார்கள். ஈயம் பட்ட கல்லைத் திரும்பக் குசினிக்குள் கொண்டுபோகக் கூடாது, அதற்கென்று ஒன்றை ஒதுக்கினால் மட்டும் சரி. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, தகட்டின் மூன்று பட்டையிலும் மெல்லிசாக ஈயம் பூசி, ஈயம் ஒட்ட உதவுகிற ஃப்ளக்ஸ் ஒரு துளி வைத்து, அயன் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஃப்ளக்ஸ் புகைக்கும். பிறகு மங்கலாக இருந்த ஈயம் சட்டென்று கண்ணாடித்தனமாக மினுங்கும், அதுதான் நேரம். சாமணத்தால் எல்ஈடியைப் பிடித்து, கூட்டல் கழித்தல் பார்த்து மேலே விட்டால், உருகின ஈயமே அதை இழுத்து நேராக்கும். கொஞ்சம் கோணலாக வைத்தாலும் தானே திரும்பி நடுவுக்கு வருவதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. சாமண நுனியால் ஓரத்தில் மெல்ல ஒரு தட்டு, அடியிலிருந்து மிச்ச ஈயம் சின்ன மணியாக வெளியே வரும், அதை எடுத்துவிட்டுத் தகட்டைத் தூக்கி ஓட்டில் வைத்து ஆற விட வேண்டும். குமிழை அமத்தக் கூடாது, எல்ஈடி பழுதாகிவிடலாம்.

ஆறினதும் மல்ரிமீற்றரை டயோட் சோதனையில் வைத்துத் தொட்டால் எல்ஈடி மெல்லிசாக மினுங்கும். மினுங்கினால் வேலை பாதி முடிந்தது.

இனித் தலை. முகப்பு வளையம், கண்ணாடி, ரப்பர் வளையம், ரிஃப்ளெக்ரர் எல்லாம் கழன்ற பிறகு உள்ளே ஒரு பித்தளைத் துண்டு திருகில் இருக்கும், அதன் மேற்பக்கம் எல்ஈடித் தகடு, கீழ்ப்பக்கம் டிரைவர். நுனி ஒடுங்கிய குறட்டால் கழற்றலாம். பழைய வயர்களை எடுக்க 25 வாற் சோல்டரிங் அயன் போதாது, பித்தளையும் செப்பும் சேர்ந்து சூட்டைக் குடித்துவிடும். 60 வாற்றும் தட்டையான நுனியும் இருந்தால் நொடியில் முடியும், இல்லாவிட்டால் நெடுநேரம் தேய்த்துத் தேய்த்து வயரின் உறையைத்தான் உருக்குவீர்கள். புதிய தகட்டின் அடியில் தேர்மல் பேஸ்ற் மெல்லிசாகத் தடவி, இருத்தி, வயர்களைப் பற்றவைத்து, வெள்ளை வளையத்தைப் போட வேண்டும். ரிஃப்ளெக்ரரை இறுக்குவதற்கு முதல் அதன் அடிவிளிம்பு வயர் பற்றின இடத்தில் தொடுகிறதா என்று மீற்றரில் பார்ப்பது கட்டாயம். ரிஃப்ளெக்ரர் உலோகம், தொட்டால் நேரே குறுக்குச் சுற்று. வளையம் சரியாக இருக்காவிட்டால் இன்னொன்றும் வரும், சுவரில் அடித்தால் நடுவிலே கறுப்பு ஓட்டை விழும்.

அடுத்தது டிரைவர். 2.8 அம்பியரில் பற்றரியிலிருந்து கிட்டத்தட்ட 11 வாற் போகிறது. அதில் வெளிச்சமாக வெளியே வருவது மூன்றில் ஒரு பங்கு சுற்றளவுதான், மிச்சமெல்லாம் அந்தச் சின்ன உடம்பில் சூடாக ஏறும். குளிர் நாட்டில் காற்றே ஆற்றிவிடும். சித்திரை, வைகாசி இரவில் எங்கள் காற்றே 30 பாகைக்குக் கிட்ட நிற்கிறது, வியர்வைக் கையோடு அதைப் பிடிக்கிறவருக்கு எப்படி இருக்கும்? ஸ்பிரிங் பக்கம் தெரிகிற சிப்புகளில் இரண்டைக் கழற்றி எடுத்துவிட்டேன். சிப்பின் இரண்டு பக்கமும் தாராளமாக ஈயம் வைத்து, இரண்டையும் மாறி மாறிச் சூடாக்கினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இப்போது ஆறு சிப், 2.1 அம்பியர். எட்டுக்கும் ஆறுக்கும் சுவரில் அடித்துப் பார்த்தால் வித்தியாசம் தேட வேண்டும், கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. சூட்டில் மட்டும் நன்றாகவே தெரிகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் ஆறு சிப் டிரைவரையே கேட்டு எடுக்கலாம், இந்தக் கழற்றல் தேவையில்லை.

வால் ஸ்பிரிங்குக்கு நடுவால் ஒரு தடித்த சிலிக்கன் வயரைப் பற்றவைத்தேன். உருக்கு ஸ்பிரிங்கின் தடையில் வீணாகிற மின்னழுத்தம் குறையும், பற்றரி இறங்கி வரும்போது முழு ஒளி இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். இது இல்லாவிட்டாலும் குடி முழுகாது. எல்லாம் பூட்டின பிறகு வால் மூடியைக் கழற்றி, பற்றரியின் அடிப்பக்கத்துக்கும் ரோச் உடம்புக்கும் நடுவே மீற்றரை 10 அம்பியர் அளவில் வைத்துப் பார்த்தால் 2.1க்குக் கிட்டக் காட்ட வேண்டும். மீற்றரின் மெல்லிய வயரே கொஞ்சம் விழுங்கும், ஆகவே சற்றுக் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம்.

பற்றரிக் கதை தனி. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடைசெய்யப்பட்டிருந்த சாமான்களில் ரோச் பற்றரியும் ஒன்று, ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது, பழைய பற்றரியை வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடுகிற பழக்கம் அம்மாவுக்கு இன்னும் போகவில்லை. லித்தியம் பற்றரியை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள் என்று அவவுக்குத் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது தடை இல்லை, ஆனால் தனி லித்தியம் பற்றரி விமானத் தபாலில் வருவதற்குக் கட்டுப்பாடு உண்டு, அதனால் உள்ளூரில் கிடைப்பதைத்தான் சோதித்து எடுக்க வேண்டியிருக்கிறது. 18650 ஒன்றில் 9900 மில்லிஅம்பியர் மணி என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம், நல்ல கம்பனிகளின் சாமான் 3500 சுற்றளவில் நிற்கிறது. தராசில் வைத்துப் பாருங்கள். உண்மையானது 45 கிராம் சுற்றளவு இருக்கும், நன்றாகக் குறைந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவே தேவையில்லை.

நான் போட்டிருப்பது பழைய லப்ரொப் பற்றரிப் பெட்டியிலிருந்து எடுத்தது. உடைக்கும்போது இரும்புச் சாமானால் குத்தாமல் பிளாஸ்ரிக்கை மட்டும் நெம்பித் திறக்க வேண்டும். 2 வோல்ற்றுக்குக் கீழே இறங்கிக் கிடப்பதைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தை டிபி4056 சார்ஜர் தகட்டில் 4.2 வோல்ற் வரைக்கும் ஏற்ற வேண்டும். அந்தத் தகடு வரும்போது 1.2 கிலோஓம் தடையோடு 1 அம்பியரில் ஏற்றும், வயதான பற்றரிக்கு அது அதிகம், 2 கிலோஓம் போட்டால் 580 மில்லிஅம்பியர் ஆகும். ஏறும்போது கையில் சூடு தெரிகிற பற்றரி வேண்டாம். ஏறினதை ஒரு கிழமை சும்மா வைத்துவிட்டு அளந்தால் 4.1க்குக் கீழே போயிருப்பதும் வேண்டாம். தப்பினதுதான் ரோச்சுக்கு. 3000 மில்லிஅம்பியர் மணி மிச்சமிருக்கிற ஒன்று முழு ஒளியில் ஒன்றேகால் மணிக்கு மேலே, 35 வீதத்தில் நான்கு மணி, 10 வீதத்தில் பதினான்கு மணி தரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததே, அப்படியொரு நாளைக்கூட 10 வீதத்தில் ஒரே பற்றரியால் தள்ளலாம்.

மிச்சமெல்லாம் சில்லறை வேலை. சைக்கிள் ரியூப்பில் இரண்டு விரல் அகலத்தில் வெட்டி உடம்பில் மாட்டினேன், வழுக்காது, மேசையில் உருளாது, சூடும் நேரே கையில் படாது. கடற்காற்றுக்கு திருகுப் புரிகள் கறுக்கும், பாமசியில் கிடைக்கிற ஸ்பிரிட்டால் துடைத்து சிலிக்கன் கிறீஸ் தொட்டுவிட வேண்டும். குளியலறை ஜன்னலுக்கு ஒட்டுகிற மங்கல் ஸ்ரிக்கரில் ஒரு வட்டம் வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினால் நடுவிலே குவிகிற வெளிச்சம் பரந்து விழும், நடக்க அதுதான் சுகம். மார்கழிப் பனிக்குள்ளும் முகத்துக்கு முன்னே வெள்ளைச் சுவர் எழும்புவது குறைகிறது. டிரைவரில் ஒளி அளவுகள் மாறி வருகிற வரிசைகள் பன்னிரண்டு குழுக்களாக இருக்கின்றன, மினுக்கி மினுக்கிக் கண்ணைக் குத்துகிற ஸ்ட்ரோப் இல்லாத, கீழிருந்து மேலே ஏறுகிற குழுவைத் தெரிந்து வைத்தேன். பொக்கற்றில் போடும்போது வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். துணிக்குள் தவறுதலாக எரிந்தால் தொடை பொசுங்கும்.

பெரியப்பாவிடம் கொடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன தம்பி, வெளிச்சம் மஞ்சளாக் கிடக்கு, பற்றரி இறங்கிப் போச்சோ?" பெரிய ரோச்சைப் பார்த்துப் பழகின கண், நீலமாக இருந்தால்தான் வெளிச்சம் என்று நினைக்கிறது. இதையும் பழைய நீலவெள்ளை ரோச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வெங்காயப் பாத்தியில் அடித்துக் காட்டினேன். பழையதில் மண்ணும் தாளும் எல்லாம் ஒரே வெளிறின நிறம். புதியதில் மண் சிவப்பு, தாள் பச்சை, நுனி மஞ்சளடித்த தாள்கள் தனியே தெரிந்தன. குனிந்து ஒரு தாளைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "உதை வைச்சுக்கொள்ளுறன்" என்றார், பழையதைத் திருப்பித் தரவும் இல்லை.

கழற்றின எக்ஸ்எம்-எல்2 எறிகிற சாமான் இல்லை. எடுத்து வைத்த இரண்டு 7135 சிப்பையும் அதற்கு முன்னால் போட்டால் 0.7 அம்பியர், ஒரு 18650, ஒரு டிபி4056, பின்னாலே கைவிரல் அகல அலுமினியத் துண்டு ஒன்று. மோட்டர் கொட்டிலுக்குள் சுவிச்சைத் தேட அந்த நீல வெளிச்சம் போதும், அங்கே நிறம் பார்க்கிற வேலை இல்லை. இந்தச் சின்னச் சுற்றுக்குப் பற்றரி அடிமட்டம் போகாமல் தடுக்கிற ஏற்பாடு எதுவும் இல்லாததால், வெளிப்பக்கம் ஆறு முனை இருக்கிற, பாதுகாப்புச் சிப் சேர்ந்த டிபி4056 தகட்டையே எடுங்கள். நான்கு முனை வகையில் அது இருக்காது.